கிரிவலம் போன ஆட்டுக்குட்டி

நான் வரைகிற ஆடு நாய் மாதிரி இருக்கும். நாய் வரைந்தால் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். அடக்கத்தினால் இதைச் சொல்லவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக என்னிடம் ஓவியம் படித்த பிள்ளைகள் எல்லாரும் ஒருமனதாகச் சொன்னது. எனக்கு உருப்படியாக வருவது மலை ஒன்றுதான். வாழைமரம் வரைந்தாலும் பஸ் வரைந்தாலும் பின்னால் தானாக ஒரு மலை வந்து நின்றுவிடும். திருவண்ணாமலைக்காரன் கைக்கு அது பழக்கதோஷம்.

அப்பேர்ப்பட்ட கண்ணாயிரமாகிய நான் 1997ஆம் வருஷம் நூலாசிரியன் ஆனேன்.

காரணம் என் மனைவி சரசு. அவள் பக்கத்துக் கிராமத்தில் அங்கன்வாடி நடத்துகிறாள். பதினெட்டுக் குழந்தைகள். காலை எட்டு மணிக்கு அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு மல்லாட்டைக் கொல்லிக்கு, அதாவது நிலக்கடலை வயலுக்கு, களை எடுக்கப் போவார்கள். போனதும் அழுகை ஆரம்பமாகும். அதில் பொன்னி என்று ஒரு குழந்தை, இரண்டு வயசு. அவள் அம்மா ராஜம்மாள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் மதியச் சாப்பாடு வரைக்கும் நிறுத்த மாட்டாள்.

"ஏங்க, எதனா படம் போட்டுக் குடுங்களேன். அதையாவது பாத்துக்கினு கம்முனு இருக்கட்டும்" என்றாள் சரசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எட்டுப் பக்கம் வரைந்தேன். முதல் பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டி தனியாக நிற்கும். 'அம்மா எங்கே?' அவ்வளவுதான் எழுத்து. அடுத்த பக்கத்தில் காக்காவைக் கேட்கும். பிறகு பூனை, தூங்குகிற நாய், கழுதை, எருமை, கோழி என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகும். எட்டாம் பக்கத்தில் அம்மா ஆடு நிற்கும். 'அம்மா வந்துட்டா!' எல்லாப் பக்கத்திலும் பின்னால் மலை. சரசு கோணி ஊசியால் அதைத் தைத்துப் புத்தகமாக்கினாள்.

பொன்னி முதல் நாள் ஆட்டுக்குட்டியை 'நாயி' என்றாள். நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் எட்டாம் பக்கம் வந்ததும் வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் அம்மா ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்து சரசுவிடம் நீட்டினாள். அன்று நாலு தடவை. மறுநாளிலிருந்து காலையில் வந்ததும் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அம்மா ஆடு வந்ததும் "அம்மா வந்துட்டா" என்று அவளே சொல்லிவிட்டு, எழுந்து சத்துமாவு உருண்டை தின்னப் போய்விடுவாள். கதவுக் கம்பியை மறந்தே போனாள்.

நான் அதோடு சும்மா இருந்திருக்க வேண்டும். சும்மா இருப்பது எனக்கு எப்போதும் வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாவட்ட மழலையர் படப்புத்தக ஒப்புதல் குழு என்று ஒன்று முளைத்தது. மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான விலங்குப் படப்புத்தகங்களை ஆராய்ந்து, தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, எல்லா அங்கன்வாடிக்கும் வழங்குவது அதன் நோக்கம். அட்டையில் ஆசிரியர் பெயர் வரும் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் நான் ஏழெட்டுத் தடவை படித்தேன். மூலப் பிரதியையே கொடுக்க வேண்டும், நகல் செல்லாது என்ற வரியை ஒரு தடவை.

"வேற ஒண்ணு வரைஞ்சு குடுத்துடுங்க. இத எடுக்காதீங்க" என்றாள் சரசு.

"அது மாதிரி மறுபடி வராது" என்றேன் நான். ஏதோ பெரிய ஓவியன் சொல்வது போலச் சொன்னேனே தவிர, உண்மை என்னவென்றால் ஒரே ஆட்டை இரண்டு தடவை வரைய எனக்குத் தெரியாது.

"கொழந்தைக்கு இன்னா பதில் சொல்றது?"

"ஒரே வாரம். கொண்டாந்துடறேன்."

பொன்னியின் மடியிலிருந்து நானேதான் எடுத்தேன். அவள் அழவில்லை, 'தா' என்று கை நீட்டினாள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை. அன்று சாயங்காலமே திருவண்ணாமலைக்குப் போய் 'கண்ணாயிரம், நூலாசிரியர்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன்.

குழுவின் அலுவலகம் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. மணியம்மாள் என்ற உதவியாளர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒரு படிவம் கொடுத்தார். அதில் 'நூலில் இடம்பெறும் விலங்குகளின் பெயர், இனம், வயது, உரிமையாளர்' என்று நாலு கட்டம். மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டேன். காக்காவின் உரிமையாளர் யார் என்று கேட்டதற்கு மணியம்மாள் கொஞ்சம் யோசித்து, "உங்க பேரையே போட்டுடுங்க சார், பின்னால ஆட்சேபம் வராது" என்றார். போட்டேன். அரசாங்கத்தின் ஏட்டில் இன்றைக்கும் ஒரு காக்கா என் பெயரில் இருக்கிறது.

கூட்டத்தை ஒவ்வொரு பௌர்ணமியன்றும் வைப்பதாக முடிவாகியிருந்தது. தேதி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம் என்று தலைவர் ராமகிருஷ்ணன் செய்த ஏற்பாடு. முதல் பௌர்ணமியன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். லட்சம் பேர் கிரிவலம் வருகிற கூட்டத்தில் நீந்தி வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தால் அலுவலகம் பூட்டியிருந்தது. திரும்பி வரும்போது கிரிவலப் பாதை ஓரத்தில் ஒரு பந்தலில் நம் தலைவரே மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பௌர்ணமி வந்தால் மாவட்டத்தில் எல்லா அதிகாரிக்கும் கூட்டப் பணிதானே.

"மஞ்ச கவுனு போட்ட கொழந்த, மூணு வயசு இருக்கும், பேரு சொல்லத் தெரியல. அம்மா எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் மேசை மேல் உட்கார்ந்து மைக்கின் ஒயரைக் கடித்துக்கொண்டிருந்தது.

"சார், இன்னைக்குக் கூட்டம்..." என்றேன்.

"பாக்கறீங்க இல்ல? எங்க முடியுது? அடுத்த பௌர்ணமிக்கு வாங்க."

அடுத்த பௌர்ணமிக்கும் போனேன். அதற்கடுத்ததற்கும். இப்படி நாலு கூட்டம் நடக்காமல் நடந்த பிறகு மணியம்மாள்தான், "சார், பௌர்ணமி இல்லாத நாளா வெச்சா இன்னா?" என்று கேட்டார். நீண்ட நிர்வாக அனுபவத்தின் பேரில் தாமே கண்டுபிடித்த மாற்றம் என்று தலைவர் அதைக் குறிப்பில் ஏற்றினார். கூட்டம் அமாவாசைக்கு மாறியது.

இதற்குள் சரசு என்னோடு பேசுவதைக் குறைத்திருந்தாள். பொன்னி மறுபடி கம்பிக்குப் போய்விட்டாள். நான் வேறொரு புத்தகம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். அவள் ஒரு பக்கம் புரட்டிவிட்டு, "இது இல்ல" என்று தள்ளினாள். இரண்டு வயசுக் குழந்தைக்கு அதே ஆடுதான் வேண்டும். மூலத்தையாவது திருப்பிக் கேட்கலாம் என்று மணியம்மாளிடம் போனால், "அது பதிவாயிடுச்சு சார். இனிமே அது புக்கு இல்ல, ஆவணம். கட்டடத்த உட்டு வெளிய போவாது" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. நான் வரைந்தது ஆவணமாகிவிட்டதே! இதைப் பொன்னியின் அம்மாவிடம்கூடச் சொன்னேன். ராஜம்மாள், "நல்லதுங்க சார்" என்று சொல்லிவிட்டு அழுகிற குழந்தையை இறக்கிவிட்டுக் கொல்லிக்குப் போனாள்.

ஐந்தாவது மாதம் கூட்டம் உண்மையாகவே கூடியது. தலைவரைத் தவிர இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் கால்நடை மருத்துவர் சரவணகுமார். இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தசரதன். மேசை நடுவில் ஒரு தண்ணீர்க் கூஜாவும் பக்கத்தில் என் ஆவணமும் இருந்தன.

சரவணகுமார் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முகம் சுளித்தார். "நான் ஆறு வருஷமா ஆட்ட நேர்ல பாத்ததில்ல, எல்லாம் ஃபைல்லதான். அந்த அனுபவத்துல சொல்றேன், ஆடு இப்பிடி இருக்காது. காதுல வில்லை இல்ல. இன்ஷூரன்ஸ் வில்லை இல்லாத ஆடு எங்க கணக்குல ஆடே கெடையாது. தடுப்பூசி போட்டாச்சாங்கறதுக்கும் படத்துல ஆதாரம் இல்ல."

காதில் மஞ்சள் வில்லை வரைவதாக ஒப்புக்கொண்டேன். தொடையில் ஊசி போட்ட இடத்துக்கு ஒரு பொட்டு.

தசரதனுக்கு நாய் தூங்குவது பிடிக்கவில்லை. "முப்பத்திநாலு வருஷம் தலைமையாசிரியரா இருந்தேன். என் பள்ளிக்கூடத்துல ஒரு பையன் தூங்கினது கெடையாது, ஒரு பையன் சிரிச்சது கெடையாது. ரெண்டு வயசுலயே இதையெல்லாம் காட்டிக் குடுத்தா பின்னால நாம என்னத்தத் திருத்தறது?" நாய் எழுப்பப்பட்டது. மூன்றாம் பக்கத்தில் பூனை குட்டிக்குக் குறுக்கே வருவதால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன்.

தலைவர் கழுதைப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

"இந்தக் கழுத எதுக்கு?"

"குட்டி வழி கேக்குதுங்க சார்."

"அது சரி. மூஞ்சில ஒரு சாயல் தெரியுதே. நான் யாரையும் சொல்லல. ஃபைல வீட்டுக்கு எடுத்துக்கினு போயிருந்தேன், எங்க வீட்ல பாத்துட்டு ஒரே சிரிப்பு. என் பொண்ணு, 'அப்பா, நீ எப்ப போய் இவருக்குப் படம் வரைய உக்காந்த?'ன்னு கேக்கறா. எனக்கு ஒண்ணும் இல்ல. பதவிக்குன்னு ஒரு மரியாத இருக்கு பாருங்க."

நான் எப்படி வரைவேன் என்பதைச் சொல்லிச் சத்தியம் செய்தேன். கழுதை வரையப் போய் மனிதச் சாயல் வந்துவிட்டது என்றால் அது என் திறமைக்குறைவே தவிர உள்நோக்கம் அல்ல என்று எழுதியும் கொடுத்தேன். கழுதை இருந்த இடத்தில் குடிநீர்த் தொட்டி வைப்பது என்று முடிவாயிற்று. ஆட்டுக்குட்டி தொட்டியிடம் 'அம்மா எங்கே?' என்று கேட்கும்.

எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த தலைவர், திடீரென்று மூடினார்.

"மலை எந்தப் பக்கம் இருக்குது?"

"பின்னால சார்."

"குட்டி எந்தப் பக்கமா நடக்குது?"

"இடமிருந்து வலமா. பக்கம் புரட்டறது அப்படித்தானுங்களே."

"அப்ப மலை அதுக்கு எந்தக் கைப்பக்கம்?"

தலைவர் கூஜாவை மேசை நடுவில் நேராக வைத்தார். "இது மலை. டாக்டர், நீங்க ஆடு. நடங்க." சரவணகுமார் மேசையின் இந்தப் பக்கம் இடமிருந்து வலமாக நடந்தார். கூஜா அவருக்கு இடது கைப்பக்கம் இருந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பிரதட்சணம்!" என்றார் தசரதன்.

"நான் இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு" என்றார் தலைவர். "ஒரு தடவகூட நடந்து போனதில்ல, ஜீப்புலதான் போயிருக்கேன். ஆனா எந்தப் பக்கமா சுத்தணும்னு தெரியும். மலைய வலது கைப்பக்கம் வெச்சுத்தான் சுத்தணும். இந்தக் குட்டி எல்லாப் பக்கத்துலயும் எதிர்ப்பக்கமா போவுது. இத நான் மாவட்டம் பூராவும் அனுப்பிட்டு இந்த ஊர்ல குடியிருக்க முடியுமா?"

ஐயம் தீர்வதற்காக எல்லாரும் ஒருமுறை சரியான திசையில் கூஜாவைச் சுற்றி வந்தோம். நானும்தான். தேநீர் கொண்டுவந்த மணியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குட்டியை வலமிருந்து இடமாகத் திருப்பி வரைந்துவிடலாம் என்றேன். மலை அதன் வலது கைப்பக்கம் வந்துவிடும். தலைவருக்குத் திருப்தி. ஆனால் தசரதன் விடவில்லை. "புத்தகம் முன்னால போவுது, ஆடு பின்னால போவுதா? பாடத்துல பின்வாங்கற ஆட்ட நான் அனுமதிக்க மாட்டேன்." உருது புத்தகம் மாதிரி வலது பக்கத்திலிருந்து திறக்கும்படி தைத்துவிடலாமே, ஆற்காட்டுப் பக்கம் கடைகளில் பார்த்திருக்கிறேன் என்றார் சரவணகுமார். தமிழ்ப் புத்தகம் தமிழ்ப் புத்தகம் மாதிரிதான் திறக்கும் என்று தசரதன் மேசையைத் தட்டினார். கூஜா ஆடியது. தலைவர் அடுத்த அமாவாசைக்கு ஒத்திவைக்கப் போவது போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் நான் எழுந்து நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"சார், தையல் அப்பிடியே இருக்கட்டும். பக்கங்கள மட்டும் தலைகீழா அடுக்கிட்டா? கடைசிப் பக்கம் மொதல்ல, மொதல் பக்கம் கடைசில. குட்டியும் பின்னால, பக்கமும் பின்னால. ரெண்டும் சேந்து நேராயிடும்."

தசரதனே கை தட்டினார். "கணக்குல மைனசும் மைனசும் பிளஸ்ஸு" என்று தலைவர் விளக்கினார். நூலாசிரியரின் ஒத்துழைப்பைக் குழு பாராட்டுவதாகத் தீர்மானம் எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ரெண்டு வாரம் மணியம்மாள் காவல் இருக்க, டிரேசிங் தாளில் படங்களை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி, ஆட்டையும் மலையையும் மாற்றி மாற்றி வரைந்தேன்.

வீட்டில் சொன்னேன். சரசு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தினாள்.

"அப்ப அம்மா மொதல் பக்கத்துலயே வந்துடறாளே."

"ஆமா."

"கடைசிப் பக்கத்துல குட்டி தனியா நிக்குது."

"நிக்குது."

"'அம்மா எங்கே?'ன்னு கேட்டுக்கினு."

"குழு ஒப்புக்கிச்சு" என்றேன். அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். என் முகத்தில் உமி வந்து விழுந்தது. அவள் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்ததுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தெரிந்துதான் செய்தேன். அட்டையில் பெயர் வரப்போகிறதே.

1998 மே மாதம் புத்தகம் வந்தது. வெளியீட்டு விழா சரசுவின் அங்கன்வாடியிலேயே. வாசலில் தோரணம், உள்ளே பதினெட்டுக் குழந்தைகள், பதினெட்டுப் பிரதிகள். மூன்று வயசை நெருங்கியிருந்த பொன்னி கதவுக் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அட்டையில் 'கண்ணாயிரம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆட்டுக்குட்டியைவிட என் பெயர் பெரிதாக இருந்தது. கையெழுத்துக் கேட்டால் போடலாம் என்று ரப்பர் ஸ்டாம்பைப் பையில் வைத்திருந்தேன். புத்தகம் வாங்கிய பதினெட்டுப் பேரில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

தலைவர் சால்வையை வாங்கிக்கொண்டு பேசினார். "ஒரு சின்னப் புத்தகந்தான். ஆனா பதினொரு மாசம் உழைச்சிருக்கோம். கொழந்தைங்களுக்கு என்ன புடிக்கும்ங்கறத நாங்க யாரையும் கேக்கல. கேட்டுருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும், ஆனா தரம் கொறஞ்சிருக்கும்."

பிறகு அவரே படித்துக் காட்டினார். முதல் பக்கம், அம்மா ஆடும் குட்டியும். 'அம்மா வந்துட்டா!' குழந்தைகள் சிரித்தன. கோழி, எருமை, தண்ணீர்த் தொட்டி. விழித்திருக்கும் நாய். காக்கா. கடைசிப் பக்கத்தில் காதில் வில்லையோடு குட்டி தனியாக நின்றது. 'அம்மா எங்கே?' தலைவர் புத்தகத்தை மூடினார்.

குழந்தைகள் காத்திருந்தன. இன்னொரு பக்கம் வரும் என்று பார்த்தன. வரவில்லை. பொன்னி எழுந்து போய்க் கம்பியைப் பிடித்தாள். தெருமுனையைப் பார்த்தாள். அவள் ஆரம்பித்ததும் பக்கத்துக் குழந்தை, அதற்கடுத்த குழந்தை என்று பதினெட்டும் சேர்ந்துகொண்டன. சுவரில் மாட்டியிருந்த எடை பார்க்கும் தராசு ஆடியதாக எனக்குத் தோன்றியது.

"எழுதிக்குங்க" என்றார் தலைவர் மணியம்மாளிடம், சத்தத்துக்கு மேல் கத்தி. "நூல் கொழந்தைங்க உள்ளத்தத் தொட்டுடுச்சு." ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

நான் பொன்னியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அழாத கண்ணு, அம்மா வந்துடும்" என்றேன். பதினொரு மாதம் கழித்து இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவள் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அவள் முன்னால் ஒரு பிரதியை வைத்தேன். அவசரத்தில் அட்டை கீழே போய்ப் பின்பக்கம் மேலே வந்துவிட்டது.

பொன்னி மூக்கைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அவளுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்? பின்னாலிருந்தே திறந்தாள். குட்டி தனியாக நின்றது. அவளுக்குத் தெரிந்த பக்கம். திருப்பினாள், காக்கா. திருப்பினாள், நாய். குட்டி அவள் புரட்டுகிற பக்கமாகவே நடந்துகொண்டிருந்தது, மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, குழு மூன்று பேரும் விரும்பியபடியே. கடைசியில் அம்மா ஆடு வந்தது.

"அம்மா வந்துட்டா" என்றாள் பொன்னி.

சரசு மற்ற குழந்தைகளின் கையிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டு போனாள்.

பொன்னி மறுபடி புரட்டி நடுவில் ஒரு பக்கத்தில் நின்றாள். தொட்டியின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

"கழுத எங்க?"

மறக்கவில்லை! சட்டைப்பையைத் தடவினேன். ரப்பர் ஸ்டாம்ப்தான் கையில் வந்தது. சரசு அலமாரியிலிருந்து ஒரு சாக்பீஸ் டப்பாவை எடுத்துத் தந்தாள், அதில் பழைய கிரேயான் துண்டுகள் கிடந்தன. ஒப்புதல் பெற்ற தொட்டியின் மேலேயே வரைந்தேன். நாலு கால், ஒரு வால், நீண்ட காது. பொன்னி "ஹை" என்றாள்.

"பாத்தியா சரசு, இந்தத் தடவையும் சாயல் வந்துடுச்சு. தலைவர் பாத்தா தூக்குலதான் போடுவாரு."

சரசு குனிந்து பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"தலைவரா? நல்லாப் பாருங்க" என்றாள். "உங்கள மாதிரியே இருக்குது."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் வரைந்ததிலேயே முதல் முறையாக ஒரு உருவம் அச்சு அசலாக வந்திருந்தது. காதைக் கொஞ்சம் நீட்டிவிட்டு, மீதிப் பதினேழு பிரதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.